ரீவைண்டிங் கனகமும் காலுக்குப் போகும் நரம்பும்

கனகக்காவின் கடையில் மோட்டாரை இறக்குகிறவர்கள் முதலில் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

"தண்ணி வத்துன போர்ல மோட்டாரை ஓட்டிப்போட்டு, எரிஞ்சுபோச்சுங்கன்னு என்றகிட்ட வாரீங்க. எரியாம என்னங்க பண்ணும்? சோறு தண்ணி இல்லாம உங்களை நாள்பூராவும் ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

கேட்டுக்கொண்டு நிற்கிறவர் பெரிய வாழைத்தோட்டத்துக்குச் சொந்தக்காரராக இருப்பார். வெள்ளை வேட்டி கசங்காமல் காரில் வந்து இறங்கியிருப்பார். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க அம்மணி" என்பார். இதைக் கேட்டு ரசிப்பதற்கென்றே என் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், வியாபாரம் கெட்டுவிடும்.

நான் அமலி. பக்கத்துக் கடை என்னுடையது. பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி பேக்கரி வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் மரியஅந்தோணி உள்ளே அடுப்பைப் பார்ப்பார். நான் முன்னால் கல்லாவைப் பார்ப்பேன், ஊரையும் பார்ப்பேன். எங்களுக்கும் கனகக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் வார்னிஷ் வாசம், இந்தப் பக்கம் பன் வாசம். இரண்டும் கலந்தால் நன்றாக இருக்காது, ஆனால் பழகிவிட்டது.

எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். மாவு பிசைகிற மெஷினின் மோட்டார் புகைந்து நின்றபோது, அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனோம். திறந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "மைதாவை மோட்டாருக்குள்ளயும் போட்டுப் பிசைஞ்சீங்களா?" என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். கடைசியில் அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

காரமடைப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம் பேச்சு. கிணறு வற்றிப் போர் போட்டார்கள், போரும் வற்றியது. படித்தது போதும் என்று ஒரு பம்பு கம்பெனியின் வைண்டிங் பகுதிக்கு வேலைக்கு வந்தாள். அங்கே வரிசையாகப் பெண்கள்தான். இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் சந்துகளில் செம்பு ஒயரைக் கோத்துக் கோத்து இழுக்க வேண்டும், ஒரு இழை மாறினாலும் மோட்டார் ஓடாது. சீனிவாசலு அண்ணன் அதே கம்பெனியில் ஃபிட்டர். இவள் பேசுவாள், அவர் கேட்பார். அந்த ஏற்பாட்டில்தான் கல்யாணமே நடந்திருக்க வேண்டும். பிறகு இருவரும் வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள். அவர் மோட்டாரைக் கழற்றுவார், மாட்டுவார். நடுவில் உள்ளது எல்லாம் அவள்.

அவளுடைய பிடிவாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோட்டாரில் இருக்கும் செம்பு ஒயர் வெறும் ஒயர் இல்லை. மேலே மெல்லிய கோட்டிங் இருக்கும். அது போய்விட்டால் கரண்ட் போக வேண்டிய வழியில் போகாமல் கண்ட இடத்தில் ஒழுகி, மோட்டார் எரிந்துவிடும். சில கடைகளில் எரிந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு டேப் சுற்றிக் கொடுப்பார்கள். கனகக்காவிடம் அந்தப் பேச்சே ஆகாது.

"கோட்டிங் போன ஒயரு செத்த ஒயருங்க. மொத்தமா உருவிப்போட்டுப் புதுசாத்தான் சுத்தோணும். இல்லாட்டி வேற பக்கம் எடுத்துட்டுப் போங்க."

உருவிய செம்பு மூட்டையாகக் கட்டிக் காயலான் கடைக்குப் போகும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு ஒயருக்குக்கூட இரக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஆனி மாதம் அவளுக்குச் செருப்பு கழன்றது. பஸ் ஸ்டாப்பிலிருந்து கடை வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலையில் என் கடைப் படியில் ஏறும்போது முழங்கால் மடங்கிச் சரிந்தாள். அதற்கும் அடுத்த நாள் டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை. சிரிப்பெல்லாம் போய்விட்டது எனக்கு. என் வீட்டுக்காரர் வேனை எடுத்தார், நானும் சீனிவாசலு அண்ணனும் அவளைத் தூக்கிப் பின்னால் கிடத்தி, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நரம்பு டாக்டர் பெயர் அஃப்ரா. சின்ன வயசு. முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, நடையில் ஒரு அவசரம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு மெஷினில் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் கனகக்கா அந்த மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது எங்க மெக்கர் மாதிரிதானுங்க. மோட்டார்ல கோட்டிங் நல்லா இருக்குதான்னு நாங்களும் இப்புடித்தான் செக் பண்ணுவோம்."

மோட்டார் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப உங்களுக்கு ஈஸியா புரியும் கனகம்மா. நரம்பு ஒயர் மாதிரி. மேலே ஒரு கோட்டிங் இருக்கும். கொஞ்ச நாள் முன்னாடி உங்களுக்கு வயித்துப்போக்கு வந்துச்சில்ல? அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பின எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம உங்க நரம்போட கோட்டிங்கையும் சேர்த்து அரிச்சிடுச்சு. அதான் கரண்ட் சரியா போகல."

நோய்க்குக் கில்லன் பாரே என்று பெயராம். இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர். மருந்து இருக்கிறது, பெரும்பாலானவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். நானும் சீனிவாசலு அண்ணனும் அதைப் பிடித்துக்கொண்டோம். கனகக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று. அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது வைகாசியில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில். என் கடை முட்டை பப்ஸில் என்று ஒருவர் ஊரில் கிளப்பிவிட்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். இப்போதும் என் கடைக்குத்தான் டீ குடிக்க வருகிறார், சர்க்கரை கம்மியாகத்தான் போடுகிறேன்.

மருந்து ஏற்றினார்கள். காலிலிருந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த தளர்ச்சி நின்றது. மூச்சுக்குக் கெடுதல் வரவில்லை, அதுவே பெரிய காரியம் என்றார்கள். கொஞ்ச நாளில் சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கை கொஞ்சம் அசைந்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிள்ளினால்கூடத் தெரியவில்லை. தினமும் காலை மடக்கி நீட்ட வேண்டும், விரல்களைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று பிசியோதெரபிக்காரர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

அவள் செய்யவில்லை.

சும்மா இருக்கவே தெரியாதவள். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஃபேன் சத்தத்தை வைத்து அதன் மோட்டாருக்கு ஆயுசு சொல்கிறவள். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். சீனிவாசலு அண்ணன் காலைப் பிடித்தால், "உடுங்க, எதுக்கு இதெல்லாம்" என்பாள். அவர் விட்டுவிடுவார். விடாதீங்கண்ணா என்று அவரிடம் சத்தம் போட்டேன். "அவ சொன்னா நான் என்னங்க அமலி பண்றது" என்றார். முப்பது வருஷ ஏற்பாடு, ஒரே நாளில் மாறுமா?

எனக்கு வந்தது கோபம். அழுதால் ஆறுதல் சொல்லலாம், கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவள் இரண்டும் செய்யவில்லை. நான் கொண்டுபோன ரஸ்க்கை டீயில் நனைத்துக் கொடுத்தால் சாப்பிட்டாள், நல்லா இருக்குது கண்ணு என்றாள். என் ரஸ்க்கை அவள் ஒருநாளும் நல்லா இருக்குது என்று சொன்னது கிடையாது. பயந்துபோனேன்.

ஒருநாள் சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு போனால், உள்ளே பேச்சுக் குரல். மேட்டுப்பாளையத்து முகமது யூசுப் பாய் வந்திருந்தார். அவரும் வைண்டிங் கடைக்காரர். கனகக்காவுக்குப் போட்டி, ஆனால் அவசரத்துக்கு ஒருவரிடம் ஒருவர் ஒயர் வாங்கிக்கொள்கிறவர்கள். கடையில் இருக்கிற ஸ்டாண்டு, ஒயரைக் காயிலாகச் சுற்றுகிற மெஷின், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள்தான் ஆள் அனுப்பியிருக்கிறாள். சீனிவாசலு அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, என்ன அவசரம்? உடம்பு சரியாகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பாய்.

"இல்லீங்க பாய். கோட்டிங் போயிருச்சுங்க."

"என்னதுங்க?"

"நரம்புல. டாக்டரம்மாவே டெஸ்ட்டு பண்ணிச் சொல்லிப்போட்டாங்க. இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் கோட்டிங்கே இல்லைங்களாமா."

பாய் கையில் இருந்த தொப்பியை மடியில் வைத்தார்.

"முழுசாவா?"

"முழுசாத்தானுங்க."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்களே அக்கா" என்றார். "டேப்பு சுத்துற எடமாவும் இல்லை."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். உருவிப்போட்டுப் புதுசு சுத்துறதுக்கு நான் என்ன மோட்டாரா? இந்த ஆளுககிட்டச் சொன்னாப் புரிய மாட்டேங்குது. காலை மடக்கு, நீட்டுங்கறாங்க. எரிஞ்சுபோன மோட்டாரைக் கையால சுத்துனா ஓடுமாங்க?"

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தொழில் தெரிந்த இரண்டு பேர் ஒரு மோட்டாரைப் பார்த்துக் கைவிட்ட மாதிரி, ஒரு உயிருள்ள பொம்பளையைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்கள் எல்லோரும் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டோம், மருந்து இருக்கிறது என்கிற பாதியை. அவள் மற்றப் பாதியைக் கேட்டிருக்கிறாள். ஒயர் என்றால் எனக்கு ஒயர், அவ்வளவுதான். அவளுக்கு அது தீர்ப்பு.

டீயை டங்கென்று வைத்தேன்.

"அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? பாய், உங்களுக்குமா? அந்த டாக்டர் ஏதோ புரியறதுக்காக ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க!"

"ஒரு பேச்சுக்குச் சொல்றவங்க மெஷின் வெச்சா சொல்லுவாங்க?" என்றாள் கனகக்கா, நிதானமாக.

நான் என்ன டாக்டரா? பன் போடுகிறவள். ஒரு மெஷினும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று பாயிடம் கறாராகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன்.

டாக்டர் அஃப்ராவின் அறையில் அவளை நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியபோது, எக்சர்சைஸ் பண்றதே இல்லையாமே என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"டாக்டர், நீங்க ஒயருன்னு சொன்ன ஒரு வார்த்தையில இவங்க கடையையே விக்கப் போறாங்க" என்று ஆதியோடு அந்தமாகக் கொட்டினேன். யூசுப் பாய் தொப்பியை மடியில் வைத்தது வரைக்கும் சொன்னேன்.

டாக்டர் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன். டெய்லர், டிரைவர், டீச்சர், எல்லாரும் சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போவாங்க. ஒயர் சுத்துறவங்ககிட்ட சொன்னது இதுதான் முதல் தடவை."

"நீங்க தப்பா ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள் கனகக்கா. "சரியாத்தான் சொன்னீங்க. அதனாலதான் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்தார். முதலில் ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கிளை கிளையாக, கறிவேப்பிலைக் கன்று மாதிரி. அதிலிருந்து கீழே ஒரு நீளக் கோடு.

"இது ஒரு செல். ஒரே ஒரு செல்லு. தலை உங்க முதுகுத் தண்டுக்குள்ள இருக்கு, கண்ணுக்கே தெரியாத அளவு. இந்தக் கிளையெல்லாம் மத்த செல்லுங்க சொல்ற சேதியை வாங்கிக்கும். வாங்கினதைக் கீழே சொல்றதுக்கு ஒரே வால். அந்த வால் தொடை, முழங்கால் எல்லாம் தாண்டிப் பாதத்துல வந்து நிக்குது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம்."

"எங்கயும் ஜாயின்ட் இல்லாமயா?"

"ஜாயின்ட்டே இல்லாம."

கனகக்கா முதல்முறையாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "கடைசில தசையோட எப்புடிங்க சேருது? சால்டர் வெச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமா?"

"ஒட்டாது. தொடவே தொடாது. நடுவுல ஒரு சின்ன சந்து இருக்கும். வால் நுனியில இருந்து ஒரு ரசாயனம் கசியும். அது அந்தப் பக்கம் போய்ப் பட்டதும் தசை சுருங்கும்."

"தொடாம எப்புடிங்க கரண்ட் தாண்டும்?"

"அது உங்க கரண்ட் இல்லை கனகம்மா. இந்த வாலுக்கு உள்ளேயும் உப்புத் தண்ணி, வெளியேயும் உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணியா!" அந்தச் சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "உப்புத் தண்ணி எறங்கித்தானுங்க எங்க ஊர்ல பாதி மோட்டார் கெடுறதே!"

"இங்கே உப்பு இல்லைன்னாத்தான் கெடும். வால் மேல சின்னச் சின்னக் கதவு இருக்கு. சேதி வந்தா ஒரு கதவு திறக்கும், உப்பு உள்ளே பாயும். அந்த உலுக்கல்ல அடுத்த கதவு திறக்கும். இப்படியே நுனி வரைக்கும் போகும். எந்த இடத்துலயும் சேதி தேய்ஞ்சு போகாது, அந்தந்த இடத்துல புதுசா எழுந்திருக்கும். கோட்டிங் எதுக்குன்னா, அது இருந்தா ஒவ்வொரு அடியிலயும் கதவு திறக்க வேண்டாம். நடுநடுவுல இருக்கிற இடைவெளியில மட்டும் திறந்து, தாவித் தாவி ஓடலாம். நல்ல நரம்புல ரேஸ் கார் வேகத்துல போகும். உங்களுது இப்ப வால்பாறை மலை ஏறுற பஸ். சில இடத்துல பஸ்ஸே நின்னுபோச்சு."

கனகக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் கோட்டிங்கை மொதல்ல யாருங்க போட்டது?"

டாக்டர் கோட்டின் மேல் சின்னச் சின்னதாக, உருளை உருளையாக வரைந்தார்.

"அதுவும் செல்லுதான். உயிர் இருக்கிறது. வால் நெடுக வரிசையா உக்காந்திருக்கும். ஒவ்வொண்ணும் தன் உடம்பையே பட்டையாக்கி, வாலைச் சுத்திச் சுத்திச் சுருட்டிக்கும்."

"ஜாம் ரோல் மாதிரி" என்றேன் நான்.

"அப்படியேதான்" என்ற டாக்டர், சட்டென்று நிறுத்தி, "ஆனா தயவுசெஞ்சு ஜாம் ரோலுன்னு மனசுல வெச்சுக்காதீங்க. அப்புறம் அதுல ஒரு பிரச்சினை வரும்" என்றார்.

பிறகு அந்த உருளைகளைத் தொட்டுக் காட்டினார். "அரிச்சுப்போனது இந்தச் சுருள்தான். உள்ளே இருக்கிற வால் உங்களுக்குப் பெரும்பாலும் நல்லா இருக்கு, டெஸ்ட்ல அதுவும் தெரிஞ்சது. சுத்துற செல்லுங்க திரும்பப் பெருகி வரும். வந்து உக்காந்து திரும்பச் சுத்தும். இதோ, நாம பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க கால்ல சுத்திக்கிட்டிருக்கும்."

"உருவாமயா?"

"உருவாமயே."

"லைனை ஆஃப் பண்ணாமயா?"

"பண்ணாமயே."

கனகக்கா திரும்பி சீனிவாசலு அண்ணனைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள், யார் வீட்டுக் காலையோ பார்க்கிற மாதிரி.

"அப்ப அது ஒயரே இல்லீங்க டாக்டரம்மா."

"இல்லைம்மா."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க!"

டாக்டர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அப்புறம் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு, எவ்வளவு திரும்பி வரும் என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். சிலருக்குக் கொஞ்சம் குறை மிச்சம் இருந்துவிடும். கால்தான் கடைசியாக வரும், அதற்குத்தான் தூரம் அதிகம். அதுவரைக்கும் அசையாமல் போட்டுவைத்தால் மூட்டு இறுகிவிடும். பிறகு நரம்பு வந்து நின்றாலும் காலால் ஒரு பிரயோசனமும் இருக்காது.

"சுத்துறது அதுங்க வேலை. மடக்கி நீட்டுறது உங்க வேலை."

வேனில் திரும்பி வரும்போது துடியலூர்கூடத் தாண்டவில்லை, கனகக்கா சீனிவாசலு அண்ணனைப் பார்த்து, "சும்மா உக்காந்துட்டு வாரீங்களே, காலைப் புடிச்சு மடக்குங்க" என்று ஒரு அதட்டல். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திட்டு வாங்கி அப்படி மலர்ந்த மனுஷனை நான் பார்த்ததில்லை.

யூசுப் பாய்க்கு நானே ஃபோனில் சொன்னேன். உப்புத் தண்ணி, கதவு, சுருள் எல்லாம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் கனகக்கா கடையில் தேங்கிக் கிடந்த மோட்டார்களை வண்டி வைத்து எடுத்துப்போய்ச் சுற்றி, அவள் பெயரிலேயே கொண்டுவந்து இறக்கினார். ஒன்றில் முடிச்சு சரியில்லை என்று அதற்கும் அவரைத் திட்டினாள்.

ஆவணியில் கைக்கு வலு வந்தது. தானே டீ கிளாஸைப் பிடித்தாள். புரட்டாசியில் நாற்காலியோடு கடைக்கு வந்து, முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தாள். ஊரே ஒரு நல்ல காரியம் நடந்த மாதிரி வந்து திட்டு வாங்கிப் போனது. என் டீ வியாபாரமும் கூடியது, மறைக்க மாட்டேன்.

கால் மட்டும் வரவில்லை. இடுப்புக்குப் பிடிமானம் வந்தது, தொடைக்குக் கொஞ்சம் வலு வந்தது. முழங்காலுக்குக் கீழே மரக்கட்டை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நான் போய் ஒரு காலைப் பிடிப்பேன், அண்ணன் ஒரு காலைப் பிடிப்பார். மடக்குவோம், நீட்டுவோம். ஐப்பசி மழை வந்து போனது. கார்த்திகையும் பிறந்தது. பார்க்க வருகிறவர்கள், "இன்னும் அப்படியேதானா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கேட்கத்தான் வேலை மெனக்கெட்டு வருவார்களோ என்னவோ.

ஒருநாள் காலை மடக்கிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்.

"ஏன் அமலி, அந்த டாக்டரம்மா என்றமேல பரிதாபப்பட்டுச் சும்மா சொல்லியிருப்பாங்களோ?"

"படம் போட்டுக் காட்டுனாங்கல்லக்கா."

"படம் யாரு வேணும்னாலும் போடலாங் கண்ணு."

பயிற்சியை அவள் நிறுத்தவில்லை. ஆனால் எண்ணி எண்ணிச் செய்கிறவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். இன்னொரு முறை அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால், திருப்பிக் கொண்டுவர என்னிடம் டாக்டரும் இல்லை, படமும் இல்லை. மாதாவிடம் கேட்டேன். அவள் வீட்டுச் சாமி படத்தைப் பார்த்தும் கேட்டேன், இரண்டு பேரில் யாருக்குக் காது கேட்கிறதோ.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் மத்தியானம். அவளைச் சுவரோரம் கம்பியைப் பிடித்து நிற்கவைக்கிற பயிற்சி. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளியே யாரோ எக் பப்ஸ் இருக்குதாங்க என்று கூப்பிட, "இருங்க வாரேன்" என்று திரும்பினேன். நான் ஒன்றும் ஒல்லியானவள் இல்லை. திரும்பிய வேகத்தில் என் முழுப் பாரத்தோடு அவள் வலது பாதத்தை மிதித்துவிட்டேன்.

"அம்மோவ்!"

கூரை இடிந்தது போல ஒரு சத்தம். என் காலுக்கு அடியிலிருந்து அவள் கால் வெடுக்கென்று உருவிக்கொண்டது. யாரும் தூக்கவில்லை. யாரும் மடக்கவில்லை. நாங்கள் பிடித்திருந்தது அவள் கையைத்தான்.

மூன்று பேரும் கீழே பார்த்தோம்.

பாதத்திலிருந்து ஒரு சேதி மேலே போயிருக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து ஒரு சேதி கீழே வந்திருக்கிறது. அத்தனை தூரமும், இடையில் எங்கேயும் நிற்காமல். எனக்கு அதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அப்போது, "அக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா, பாக்கலக்கா" என்று உளறிக்கொண்டிருந்தேன். கனகக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அந்தக் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவந்துகொண்டிருந்தது.

"வலிக்குது" என்றாள். பிறகு, நம்பாதவள் போல, மெதுவாக, "வலிக்குதுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள்.

வெளியே அந்த ஆள் இன்னும் பப்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். சீனிவாசலு அண்ணனின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய காரியம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்குக் கேட்டார்.

"அமலி, இன்னொருக்கா மிதிங்க."

நான் தயங்கித் தயங்கி, பூவை மிதிக்கிற மாதிரி ஓரமாகக் காலை வைத்தேன்.

"அப்புடி வெச்சா எனக்கு எப்புடிப் புள்ள தெரியும்?" கனகக்கா அதட்டினாள். அழுகையும் சிரிப்புமாக அவள் முகம் கோணிக்கொண்டிருந்தது. "நல்லா மிதி!"

மிதித்தேன். அவள் போட்ட சத்தத்தில், பப்ஸ் கேட்ட ஆள் உள்ளே ஓடிவந்துவிட்டார்.